பச்சைக் காம்பும் வெளுத்த ஏலக்காயும்

கம்பத்தில் பஸ் ஏறும்போது மடியில் இருந்த திராட்சைப் பெட்டி காய்ச்சல்காரன் நெற்றிபோலச் சுட்டது. மூணாறில் இருக்கும் அம்மாவுக்காக வாங்கிய பன்னீர் திராட்சை. எனக்கு ஜன்னலோர இருக்கை. மேலே ஏற ஏற, காற்று பெட்டியின் ஒரு பக்கத் துளைகளில் நுழைந்து மறுபக்கத்தில் என் கையில் வந்து பட்டுக்கொண்டே இருந்தது. மலை உச்சியில், கம்பம்மெட்டில் இறங்கி ஒரு பழத்தை வாயில் போட்டேன். ஜில்லென்றிருந்தது. மேலே இருந்த பழம் மட்டுமல்ல, கொத்தின் நடுவில் விரலை விட்டுப் பறித்த பழமும்தான். நெடுங்கண்டம் போகிற அடுத்த பஸ் கண்ணெதிரே வந்து நின்றது; நான் ஏறவில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஸ் டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட ஆரம்பித்தேன். டிக்கெட் பற்றாமல் உள்ளங்கையிலும் எழுதினேன். கீழே கரண்ட் போனால் நின்றுவிடும் குளிர் அறைக்காக நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். மேலே ஒரு மலையே குளிர் அறையாக நிற்கிறது.

அந்தக் கணக்கில் தப்பு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

திங்கட்கிழமை முதல் நம் விவசாயிகள் சங்கத்தின் கம்பம் பேக்கிங் கொட்டகையை நீங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். நான் மேலே கம்பம்மெட்டுக்குப் போகிறேன். உங்களுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுக்கும்படி மேனேஜர் சொன்னார். எத்தனை மணிக்குள் கொத்து வெட்டவேண்டும், பெட்டியில் எவ்வளவு அடுக்கவேண்டும் என்பதெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். இது சுவரில் ஒட்ட முடியாதது. பணி அனுபவம் என்று ஓய்வு பெற்றவர்கள்தான் வழக்கமாக எழுதுவார்கள். எனக்கு வயது இருபத்தொன்பது. ஆனால் ஓய்வு பெறும்வரை காத்திருந்தால் இந்தக் கதையில் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவளாகிக்கொண்டே போவேன். சூட்டோடு எழுதிவிடுவதே நேர்மை.

திராட்சையைப் பற்றி ஒன்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு அது பழுக்காது. மாங்காயைப் போல வைக்கோலில் வைத்துச் சரிசெய்துகொள்ள வழியே இல்லை. கொடியிலிருந்து இறங்கும்போது என்ன தரமோ அதுதான் உச்சம். அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் இறக்கத்தில் பிரேக் பிடிக்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் ஒரு பெட்டி முழுக்கப் பழத்தைத் துணியால் துடைத்துப் பளபளவென்று போட்டோ எடுத்து அனுப்பினேன். பழத்தின்மேல் சாம்பல்போலப் படிந்திருக்குமே, அந்தப் பூச்சுதான் பழத்தின் சொந்தச் சட்டை. அதைக் கழற்றிய பெட்டி இரண்டே நாளில் சுருங்கிப்போனது. போட்டோ மட்டும் இன்னும் அழகாக இருக்கிறது.

வாங்குகிறவர் பழத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காம்பைத்தான் பார்க்கிறார். காம்பு பச்சையாக இருந்தால் நேற்று வெட்டியது. பழுப்பேறியிருந்தால் எப்போது வெட்டியதோ, யாருக்குத் தெரியும். நம் சரக்கில் பெரும்பங்கு கோயம்புத்தூர் சுற்றி வாளையார் வழியாகப் பாலக்காட்டுக்குப் போகிறது. வாளையார் சோதனைச் சாவடியில் லாரி வரிசை நகராத நாளில் காம்பு அங்கேயே பழுப்பேறிவிடும். பாலக்காட்டில் நான்கு பழக்கடை வைத்திருக்கும் வியாபாரி ஒருவர், கொழிஞ்சாம்பாறைக்காரர், மூன்று லோடு தொடர்ந்து பழுப்புக் காம்பாக வந்ததும், இனிமேல் நம் பழமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் மலைக்காற்றுக் கணக்கைத் தூக்கிக்கொண்டு மேனேஜரிடம் போய் நின்றது அந்த வாரம்தான். ஒரு தடவை முயற்சி செய்து பார், அவரை நேரில் வரவழைக்கிறேன் என்றார் மேனேஜர்.

அறை கிடைத்தது பேச்சியக்காவிடம். கம்பம்மெட்டில் அக்காவுக்கு ஓர் ஏலக்காய் ஸ்டோர் இருக்கிறது. காய் உலர்த்துகிற கட்டடத்தைத்தான் இங்கே ஸ்டோர் என்பார்கள். புருஷன் இறந்தபிறகு தனியாளாக நின்று நடத்துகிறார். அவருக்கு வலதுகை ராசு அண்ணன். அடுப்பில் எத்தனை விறகு, எந்த நேரத்தில் எந்த ஜன்னல், எல்லாம் அவர் கைப்பக்குவம். ஏலக்காய்க்கு விலை என்பதே பச்சை நிறம்தான். சூடு ஒரு பிடி ஏறினாலும் மஞ்சள் தட்டிவிடும். ராசு அண்ணன் உலர்த்திய காயென்றால் கம்பம்மெட்டில் பிரித்துப் பார்க்காமலே எடுப்பார்கள். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்து கிடையாது. இது முக்கியம், மறந்துவிடாதீர்கள்.

சாக்கு அடுக்குகிற அறை காலியாக இருந்தது. அறைக்கும், உலர்ந்த காயைத் தட்டில் பரப்பித் தரம் பிரிக்கிற கூடத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு மேலே ஒரு சாண் இடைவெளி. அக்கா சாவியைக் கொடுத்துவிட்டு, ஏலக்காய் வாசம் பழத்தில் ஏறிக்கொண்டால் என்னைக் கேட்கக் கூடாது என்றார். நான் சிரித்துக்கொண்டே, வாசம் வந்தால் கூடுதல் விலைக்கு விற்பேன் என்றேன். என் சரக்குக்கு அவருடைய சரக்கால் என்ன ஆகும் என்று இருவருமே யோசித்தோம். மறுபக்கத்தை யோசிக்க ஆள் இல்லை.

இனி நான் செய்ததைக் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நாம் ஒரு மருந்துத் தாள் வைக்கிறோம். ஈரம் பட்டால் அதிலிருந்து கந்தக வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பூஞ்சணத்தை அண்டவிடாது, காம்பையும் பச்சையாக வைத்திருக்கும். பழத்தை முதலில் குளிர வைத்து, பிறகு தாளை வைத்து, பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையை மூடவேண்டும். சுவரில் ஒட்டியிருப்பதும் அதுதான். ஆனால் மலைக்கு ஏற்றிய பெட்டியை மறுபடி திறந்து தாள் வைத்தால் கொத்தில் கை படும், பழம் உதிரும். பன்னீர் திராட்சை உதிருவதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிற ஜாதி. ஆகவே தாளைக் கீழே கம்பத்திலேயே, பழம் சூடாக இருக்கும்போதே வைத்துவிட்டேன். சூடு வெளியேறட்டும் என்று உறையின் வாயைத் திறந்துவிட்டேன். மேலே கொண்டுபோய், மலைப்பனி நேராகப் பெட்டிமேல் படட்டும் என்று காற்றாடியை வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டினேன். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் நல்ல காரணம் இருந்தது. தள்ளிய காற்று உள்ளே வந்தபிறகு எந்த வழியாக வெளியே போகும் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் கூடத்தில் தரம் பிரித்துக்கொண்டிருந்த பேச்சியக்கா இரண்டு தடவை தும்மினார். என்ன புள்ள, தீக்குச்சி கிழிச்ச மாதிரி நாத்தம் வருது என்றார். நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்: "நல்லதுதான்க்கா. மருந்து வேலை செய்யுது."

மூன்றாம் நாள் காலையில் பெட்டிகளைத் திறந்தேன். ஐந்து வருஷத்தில் அப்படிப் பழத்தைப் பார்த்ததில்லை. சாம்பல் பூச்சு கலையவில்லை. காம்பு அப்போதுதான் வெட்டியதுபோலப் பச்சை. பெட்டியைச் சாய்த்தால் உதிர்ந்த பழம் ஒன்றோ இரண்டோ. போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பினேன். மூன்று மணிக்குப் பாலக்காட்டு வியாபாரி வந்துவிடுவார் என்று பதில் வந்தது. பெட்டிகளுக்கு நடுவே நின்று நான் தனியாக ஒரு சின்ன ஆட்டம்கூடப் போட்டேன்.

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சியக்காவின் குரல் மாறிக் கேட்டது. சத்தம் இல்லை, அக்கா சத்தம் போட்டால் கவலையில்லை, குரல் தணிந்தால்தான் பயம். போய்ப் பார்த்தேன். தடுப்பை ஒட்டியிருந்த தட்டுகளில் இருந்த காய் வெளுத்துக் கிடந்தது. அந்த வாரத்தின் முதல் தரம் அது. மறுநாள் விற்பனைக்குப் போக வேண்டியது.

"எத்தன மணிக்குத் தூங்குனீக?" என்றார் அக்கா, ராசு அண்ணனிடம்.

"நான் தூங்கல தாயி. தீயும் ஏத்தல."

"தீ ஏறாம பச்ச எப்பிடிண்ணே போகும்? காத்து தின்னுட்டுப் போச்சா?"

ராசு அண்ணன் தட்டின்மேல் குனிந்தார். ஒரு காயை எடுத்து உரித்து, மோந்து, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் புரியவில்லை என்பது தெரிந்தது. தன் கை தனக்கே துரோகம் செய்துவிட்டதோ என்று யோசிக்கிற முகம். போன மாசமே கண் மங்குதுன்னு சொன்னீகள்ல என்றார் அக்கா. இனி அடுப்புப் பக்கம் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகவும் சொன்னார். அண்ணன் தலையை மட்டும் அசைத்துவிட்டுத் தன் பையை எடுக்கப் போனார். கம்பத்துக்கு இறங்குகிற ஜீப் நாலு மணிக்கு.

எனக்கு அப்போதும் தெரியாது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியும். அரைகுறையாகத் தெரியும். உறுதி செய்துகொள்ள ஒரு தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். ராசு அண்ணன் தன் துண்டை அந்தத் தட்டின் ஒரு மூலையில் போட்டு மறந்திருந்தார். துண்டை எடுத்ததும் கீழே அச்சடித்ததுபோல ஒரு சதுரம், கரும்பச்சையாக. கோடு கிழித்த மாதிரி அதற்கு வெளியே வெளுப்பு. காயைப் புரட்டினால் அடிப்பக்கமும் பச்சை. சூட்டில் போன பச்சை என்றால் துண்டுக்கு அடியிலும் போயிருக்கும். இது மேலிருந்து இறங்கி வந்தது. தடுப்புக்கு மேலே இருந்த ஒரு சாண் இடைவெளியைப் பார்த்தேன். என் காற்றாடி அந்தப் பக்கம் உற்சாகமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கந்தகப் புகையில் ஏலக்காயை வெளுக்க வைக்கலாம் என்பது எனக்குப் புதிய விஷயமில்லை. காலேஜில் அதை ஐந்து மதிப்பெண் கேள்விக்கு எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன். அது ஏலக்காய்ப் பாடத்தில் இருந்தது. நான் திராட்சைப் பாடத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

மேனேஜருக்குப் போன் செய்தேன். அவர் கெட்டவர் இல்லை. வியாபாரி வந்து பார்த்துப் போகட்டும், மாலையில் நானே மேலே வந்து அக்காவிடம் பேசுகிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றார். எண்பது வீட்டுப் பழம் இந்த ஆளை நம்பி இருக்கிறது என்றார். அது உண்மை. மாலையில் பேசினாலும் காயின் பச்சை திரும்பப்போவதில்லை என்றார். அதுவும் உண்மை. நான் சரி என்று வைத்துவிட்டேன். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்: நான் சரி என்றுதான் சொன்னேன்.

மூன்றே காலுக்கு வியாபாரி வந்தார். பெட்டியைத் திறந்து காம்பைக் கிள்ளிப் பார்த்தார். இன்னொன்று, கடைசி வரிசையில் அடியில் இருந்த பெட்டி, அதையும் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, இதென்னுங்க, காம்பு இப்பத்தான் முளைச்ச மாதிரி இருக்குது. என்ன பண்ணுனீங்க?"

அவர் பாராட்டாகத்தான் கேட்டார். பதில் வாயில் தயாராக இருந்தது: மலைக்காற்று, கொஞ்சம் பனி, கொஞ்சம் மூளை. திறந்திருந்த கதவு வழியாக வெளியே ஜீப் தெரிந்தது. ராசு அண்ணன் பையை டாப்பில் போட்டுவிட்டு, அடுப்பில் விறகு தள்ளுகிற தன் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது தன்னுடையதா ஸ்டோருடையதா என்று தெரியாதவர்போல நின்றார். பிறகு அதைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

மாலை என்பது நாலு மணிக்குப் பிறகுதான் வரும். காயின் பச்சை திரும்பாது, சரி. ஆனால் ஒரு மனுஷர் கண் மங்கிப்போனவர் என்ற பெயரோடு மலை இறங்கினால், கம்பம் போய்ச் சேருவதற்குள் அந்தப் பெயர் கம்பம்மெட்டு முழுக்கக் காய்ந்து இறுகிவிடும். அதற்குப் பிறகு நாங்கள் போய்த் துடைத்தால் பழத்தைத் துடைத்த கதைதான்.

இரண்டு நிமிஷம் இருங்கள் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டு, அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு பேச்சியக்காவிடம் போனேன். துண்டை இருந்த இடத்தில் வைத்து எடுத்துக் காட்டினேன். தடுப்பைக் காட்டினேன். காற்றாடியைக் காட்டினேன். தீக்குச்சி நாற்றம் என்று அவர் சொன்னதையும், நான் சொன்ன பதிலையும் நினைவூட்டினேன். அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"இத ஏங்கிட்ட சொல்லிட்ட. அவருகிட்ட யாரு சொல்லுவா?" என்றார். "நான் போய்ச் சொன்னா, ஏதோ மனசு எரங்கிக் கூப்புடுறேன்னு நெனச்சுக்குவாரு. நீ போ. தட்டையும் எடுத்துட்டுப் போ."

ஜீப்பில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு விதத்தில் அதுவே நல்லது, பெயர் கெட்டதும் அவர்கள் காதில்தான். ராசு அண்ணன் கடைசிவரை கேட்டார். துண்டை வாங்கி உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நானு விறகு, அடுப்பு, தீயின்னு இம்புட்டு வச்சுக்கிட்டும் ஒரு காய வெளுக்க வச்சதில்ல. நீ தீயே இல்லாம தட்டு தட்டா வெளுக்க வச்சுட்டியே பாப்பா. எத்தன வருசப் படிப்பு இது?"

ஜீப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை. அண்ணன் பையை இறக்கவில்லை. அக்கா வந்து கூப்பிட்டும் நிற்காமல் அந்த ஜீப்பிலேயே போய்விட்டார். தீர விசாரிக்காமலே கண் மங்கிப்போச்சு என்று சொன்னதை அவரால் விழுங்க முடியவில்லை. அது என் கையில் இல்லாத பாதி. நாலு நாள் கழித்து அக்காவே கம்பத்துக்குப் போய்த்தான் கூட்டிவந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உண்மையைச் சொன்னதும் எல்லாம் உடனே நேராகிவிடும் என்று எதிர்பார்த்து நீங்கள் ஏமாறக் கூடாது. ஆனால் அவர் திரும்பி வந்தபோது கண் மங்கிய ராசுவாக வரவில்லை. தீ இல்லாமல் காய் வெளுத்த கதையை ஊருக்கே சொல்லிக்கொண்டு வந்தார். கதையில் நான் இருக்கிறேன். கொஞ்சம் குட்டையாக, நிறையப் பேசுபவளாக.

வியாபாரி இரண்டு நிமிஷத்துக்குப் பதில் அரைமணி நேரம் காத்திருந்தார். எல்லாவற்றையும் கதவருகே நின்று கேட்டிருக்கிறார். நான் திரும்பி வந்ததும், தன் கடையில் திராட்சைக்குப் பக்கத்தில்தான் ஏலக்காய் பாக்கெட் தொங்குகிறது, அது என்னாகும் என்று கேட்டார். மூடிய பாக்கெட் என்றால் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன், ஆனால் சோதித்துப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன் என்றேன். "இத்தனை நாளா எல்லாரும் உறுதியாத்தானுங்க சொன்னாங்க. காம்புதான் பழுப்பாப் போச்சு" என்றார். முழு லோடு எடுக்கவில்லை. வாரம் ஒரு சின்ன வண்டி, அதுவும் சோதனை முடிந்தபிறகு. மேனேஜர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சோதனைக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் கேட்டார்.

மலைக்காற்றின்மேல் என் நம்பிக்கை இம்மியும் குறையவில்லை. அன்றைக்கு அந்தக் காம்பைப் பார்த்தவர்கள் யாரும் இந்த முயற்சியை விடமாட்டார்கள். இப்போது நமக்குக் கிடைத்திருப்பது கம்பம்மெட்டு வளைவில் தனியாக நிற்கும் ஓர் அறை. பக்கத்தில் ஸ்டோர் எதுவும் இல்லை. காற்றாடி இந்தத் தடவை உள்காற்றை வெளியே இழுக்கும். பழம் குளிர்ந்த பிறகே தாள் வைப்போம். அதற்காகக் கொத்தைத் தொடாமல் திறக்கிற மாதிரி மேல்பக்க மடிப்பு வைத்த பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது இன்னும் நல்ல யோசனை இருந்தால் வாருங்கள், சண்டை போடலாம்.

வாயு எங்கே போகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளக்கிற கருவி வர நாளாகும். அதற்குள் ஒரு காரியம் செய்திருக்கிறோம். பேச்சியக்கா தன் முதல் தரத்திலிருந்து இரண்டு கை ஏலக்காய் அள்ளிக் கொடுத்தார். ராசு அண்ணன் அதை வலைத்துணியில் பன்னிரண்டு சின்ன முடிச்சாகக் கட்டியிருக்கிறார். எட்டு முடிச்சு அறையின் மூலைகளிலும் கதவிலும் காற்றாடிக்கு வெளியிலும். இரண்டு வண்டிக்குள். ஒன்று பாலக்காட்டுக் கடையில். பன்னிரண்டாவதை அண்ணன் ஒரு மூடிய டப்பாவில் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார், ஒப்பிட்டுப் பார்க்க. பச்சையில் ஒரு நூல் வித்தியாசம் வந்தாலும் கண்டுபிடிக்கிற கண் கம்பம்மெட்டில் அவருக்குத்தான் என்று நான் சொன்னதும், அவர் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முடிச்சுப் போட்டு முடித்ததும் அண்ணன் சொன்னார்: "இந்தவாட்டி பச்ச போச்சுன்னா ஆளு தேட வேணாம். காயே சொல்லிப்புடும்."

திங்கட்கிழமை காலையில், முதல் பெட்டிகளை மேலே அனுப்புங்கள், தாள் இல்லாமல். புதன்கிழமை நீங்கள் மூவரும் ஏறி வாருங்கள். அறைக்குள் நுழைந்ததும் கண் தானாகத் திராட்சைமேல் போகும். போகவிடாதீர்கள். முதலில் முடிச்சுகளைப் பார்ப்போம்.